நாலு மாடிச் சிரிப்பும் பலாப்பழ ஐஸும்

துரைப்பாக்கம், சென்னை
11.2.2024

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அமராவதி எழுதுவது. இங்கே நானும் சாலாவும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன வாரம் பல் டாக்டர் என்னிடம் மிச்சமிருந்த பற்களை எல்லாம் எடுத்துவிட்டார். நான் பேசுவது எனக்கே விளங்கவில்லை. ஈறு நன்றாக ஆறிய பிறகுதான் பல்செட். அதுவரை கடிக்க வேண்டாததை, சூடில்லாததை மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். தயிர்சாதமும் கரைத்த இட்லியுமாகச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது.

கல்யாணத்துக்கு மறுவருஷம் சித்திரையில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கண்ணாடிக் கிண்ணத்தில் மாம்பழ ஐஸ் கொடுத்தீர்கள். கடையில் வாங்கியது என்று நினைத்துச் சாப்பிட்டேன். அப்பா செய்தது என்று மாப்பிள்ளை பிறகுதான் சொன்னார். அதை எப்படிச் செய்வது? எழுதினால் உபகாரமாக இருக்கும்.

சாலா தீபாவளியிலிருந்து என்னோடு இருக்கிறாள். மாப்பிள்ளை வேளச்சேரி வீட்டில் தனியாக இருக்கிறார். இது உங்களுக்கும் தெரியும். பெற்றவர்கள் பேசினால் இது சரியாகுமா, இன்னும் கெடுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நாம் அதை எழுத வேண்டாம். நான் கேட்பது ஐஸ் மட்டும்.

உங்கள் அக்காவுக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

அமராவதி

*

திருக்கோகர்ணம், புதுக்கோட்டை
19.2.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ராம்நாத் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அக்காவும் சுகம். தங்கள் வாய்ப்புண் சீக்கிரம் ஆற வேண்டும். சாலாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

கடிதம் எழுதியது எனக்கும் நல்லதாயிற்று. போனில் எனக்கு வாக்கியம் அமைவதில்லை. எதிரில் இருப்பவர் மூச்சு விடும்போது நான் பேச வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது.

இப்போது மாம்பழம் வரவில்லை. ஆகவே வாழைப்பழத்தில் தொடங்கலாம் என்பது என் கருத்து. தவறாகவும் இருக்கலாம். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம் வேண்டும். வில்லைகளாக நறுக்கி, ஒன்றை ஒன்று தொடாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். தொட்டால் ஒட்டிக்கொண்டு பாறையாகிவிடும். நன்றாக உறைந்த பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். முதலில் ஈர மணல் போல உதிரும். கெட்டுப்போய்விட்டது என்று அந்த நேரத்தில்தான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி அரைத்தால் சட்டென்று வெண்ணெய் போலத் திரளும். சர்க்கரை, பால் ஒன்றும் தேவையில்லை.

கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் என்பதால் இதற்குக் காரணமும் எழுதினேன். அது ஒரு பக்கத்துக்கு மேல் போனதால் அடித்துவிட்டேன். செய்து பார்த்து ருசி சரியில்லை என்றால் பழத்தைக் குறை சொல்ல வேண்டாம். நான் எழுதியதில் பிழை இருக்கும்.

தாங்கள் எழுத வேண்டாம் என்றதை நானும் எழுதவில்லை.

தங்கள் நலம் நாடும்
ராம்நாத்

*

துரைப்பாக்கம்
17.3.2024

சம்பந்தி அவர்களுக்கு,

அமராவதி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். ஈறு முக்கால்வாசி ஆறிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் எச்சரித்திருந்தும் மணல் கட்டத்தில் நான் மிக்ஸியை நிறுத்திவிட்டேன். சாலா பக்கத்தில் நின்று சிரித்தாள். "நிறுத்தக்கூடாதுன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காரு, அங்கதான் நிறுத்துவியாம்மா நீ?" என்றாள். மறுபடி ஓட்டினோம். திரண்டுவிட்டது. அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்கும் சேர்த்து நன்றி.

வாயை மூடிக்கொண்டு வீட்டிலேயே கிடக்கிறேன் என்று சாலா போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கண்ணகி நகர்ப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் பெரிது பெரிதாகப் படம் வரைந்திருக்கிறார்கள். படம் பார்க்க டிக்கெட் இல்லை, நேரம் காலம் இல்லை. ஆட்டோ போகிறது, தண்ணீர் லாரி நிற்கிறது, படமும் அது பாட்டுக்கு இருக்கிறது.

ஒரு சுவரில் மீன்காரி ஒருத்தி. நாலு மாடி உயரம். வாயை முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். மேல்வரிசையில் இரண்டே பல். நடுவில் பல் இல்லாத இடத்தில் நிஜமாகவே ஒரு வீட்டு ஜன்னல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஜன்னலைத் திறந்து ஒரு பெண் பாவாடை காயப்போட்டாள். நான் பல் போனதற்காக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அவள் ஊருக்கே காட்டிச் சிரிக்கிறாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்து என்ன பழம்?

அமராவதி

*

திருக்கோகர்ணம்
9.4.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ராம்நாத் எழுதுவது. சுகம். அக்கா முழங்காலுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறாள். தங்களுக்கும் சாலாவுக்கும் என் விசாரிப்புகள்.

மீன்காரியின் படத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து சில சந்தேகங்கள். அவ்வளவு பெரிய முகத்தில் கண் இரண்டும் ஒரே மட்டத்தில் அமைய, அவர்கள் சுவரில் கட்டம் போட்டுக்கொள்வார்களா? கீழே நின்று பார்க்காமல் கிட்டத்தில் தொங்கிக்கொண்டு வரைகிறவருக்குத் தாம் வரைவது கன்னமா, காதா என்று எப்படித் தெரியும்? ஒரு பல் எவ்வளவு உயரம் இருக்கும்? முடிந்தால் தெரிவிக்கவும். முடியாவிட்டால் பாதகமில்லை.

நம் ஊரிலும் அப்படி ஏதாவது உண்டா என்று டவுன் பஸ் ஏறிப் போய்ப் பேருந்து நிலையம், கீழ ராஜவீதி எல்லாம் சுற்றிப் பார்த்தேன். கட்சிச் சின்னங்கள் இருந்தன. ஒரு சந்தில் சிமெண்ட் விளம்பரத்துக்காக யானை வரைந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டின் கேட் குறுக்கே வந்துவிட்டதால் யானைக்கு வால் இல்லை. கேட்டைத் திறந்தால் ஒருவேளை இருக்குமோ என்று நின்றேன். அந்த வீட்டுக்காரர் வந்து "யாரு வேணும்?" என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொய்யா நிறைய வருகிறது. தங்களுக்கு விதை ஆகாது. பழத்தை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, சற்று அதிகமாகவே சர்க்கரை சேர்க்க வேண்டும். சர்க்கரை குறைந்தால் கல்லாக உறையும். டம்ளரில் ஊற்றிக் குச்சி செருகி வைக்கவும். சாப்பிடும்போது மேலே உப்பும் துளி மிளகாய்த் தூளும் தூவலாம். ஈறு எரியும் என்றால் மிளகாய் வேண்டாம். எரியுமா என்பதை முதலில் யோசித்திருக்க வேண்டும்.

நான் ஃப்ரீசரையே பிடித்துக்கொண்டு நிற்பதாக அக்கா சொல்கிறாள். "ஒனக்கு ஐஸ் வண்டிதான்டா வாங்கிக் குடுக்கணும். மணியடிச்சுக்கிட்டு கோயில் வாசல்ல நில்லு" என்கிறாள்.

ராம்நாத்

*

துரைப்பாக்கம்
20.5.2024

சம்பந்தி அவர்களுக்கு,

அமராவதி எழுதுவது. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே?

முதலில் உங்கள் கேள்வி. ஒரு பல் ஒரு கதவு உயரம். நானாகச் சொல்லவில்லை. ஜன்னல்காரி சொன்னாள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா பாட்டிமா, டெய்லி வர்ற? வீடு கீடு பாக்குறியா?" என்று மேலேயிருந்து கேட்டாள். படம் பார்க்கிறேன் என்றேன். "நான் அது வாய்க்குள்ளதான் குடியிருக்கேன், எனக்குப் படமே தெரியாது" என்றாள். கட்டம் போட்டுத்தான் வரைந்தார்களாம். கிரேனில் நின்று வரைந்த பையன் அடிக்கடி கீழே இறங்கி ஓடி, தெருக்கோடியில் நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறுவானாம்.

கொய்யா ஐஸில் மிளகாய் போட்டேன். எரிந்தது. எரிந்தாலும் நன்றாக இருந்தது.

எனக்குப் பலாப்பழம்தான் ஆசை. நான் உங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து வடகாட்டுப் பெண். சீசனில் எங்கள் வீட்டில் தாழ்வாரம் முழுக்கப் பழம் கிடக்கும். இங்கே கிடைக்கும் பலாவுக்கு நிறம் மட்டும்தான் இருக்கிறது. பலாவில் ஐஸ் வருமா?

எழுத வேண்டாம் என்று சொன்னவளே எழுதுகிறேன். சாலா வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு நோட்டீஸ் போயிருக்கும். சண்டை இல்லை, கைநீட்டல் இல்லை. சேர்ந்து இருக்கும்போது இரண்டு பேருக்கும் மூச்சு முட்டுகிறது என்கிறாள். அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை எந்த முறை வைத்துத் தொடங்குவது என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். இன்றைக்கு இன்னும் சம்பந்திதான் என்று எழுதிவிட்டேன். நாளைக்கு என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அமராவதி

*

திருக்கோகர்ணம்
14.6.2024

பலாப்பழ ஐஸ்:

நன்கு பழுத்த சுளைகள். கொட்டையும் மேல்தோலும் நீக்கவும். நார் இருந்தால் அரைத்தபின் வடிகட்டவும். வெல்லத்தைக் கரைத்துக் காய்ச்சி ஆறவிடவும். கெட்டித் தேங்காய்ப்பால் சேர்க்கவும். ஏலக்காய் சிறிதளவு. உப்பு ஒரு கல். கலந்து டம்ளரில் ஊற்றிக் குச்சி செருகி உறைய வைக்கவும். எடுக்கும்போது டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் கழன்று வரும்.

*

துரைப்பாக்கம்
25.6.2024

சுவர்:

வெள்ளை பூசிய செங்கல் சுவர். நாலு மாடி. கன்னத்துக்குப் பழுப்பும் செம்மண் நிறமும். புடவைக்குப் பச்சை. மூக்குத்தி மஞ்சள். மழைத் தண்ணீர் இறங்கி இடது கண்ணுக்குக் கீழே கோடு விழுந்திருக்கிறது. அழுதமாதிரி இருக்கிறது, ஆனால் வாய் சிரிக்கிறது.

உங்கள் கடிதத்தில் வணக்கம் இல்லை. சுகமா என்ற கேள்வி இல்லை. என் பெயர் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. அங்கே அதுதான் இனி வழக்கம் என்றால் எனக்கும் அப்படி எழுதத் தெரியும் என்று காட்டுவதற்காக இது.

*

திருக்கோகர்ணம்
2.3.2025

மரியாதைக்குரிய அம்மையார் அவர்களுக்கு,

ராம்நாத் எழுதுவது. தாங்களும் சாலாவும் நலமாக இருக்க வேண்டும். பல்செட் பொருந்திவிட்டதா? அக்காவுக்கு முழங்கால் தேவலை. எனக்கு மார்கழியில் சளி பிடித்துச் சரியாகிவிட்டது.

தங்கள் ஜூன் மாதக் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதுகிறேன். இடையில் எழுதிய பதில்களை அனுப்பவில்லை.

நோட்டீஸ் வந்த வாரம் கோபி போனில் பேசினான். "அப்பா, நீங்க அங்க ஏதாச்சும் எழுதுறீங்களா? இப்ப எதுவும் வேண்டாம்ப்பா. நீங்க சாதாரணமா எழுதுனதையே கோர்ட்ல வேற மாதிரி காட்டுவாங்கன்னு வக்கீல் சொல்றாரு" என்றான். பழம் பற்றித்தான் எழுதுகிறேன் என்றேன். அவன் பேசவில்லை. நான் பேச வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "பொண்ணு வீட்டுலேருந்து நோட்டீசு வந்துருக்கு, நீ என்னடான்னா பலாச்சொளைக்குப் பக்குவம் எழுதிக்கிட்டு இருக்கே. நாளப்பின்ன நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றாள்.

தாங்கள் பலாப்பழம் கேட்டிருந்தீர்கள். பதில் எழுதாமல் இருப்பது முறையில்லை. எழுதினால் அதில் சம்பந்தி என்ற சொல்லோ, சாலா பெயரோ வந்து ஏதேனும் ஆகிவிடக்கூடாது. ஆகவே உறவு, பெயர், நலம் மூன்றையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது யாருக்கும் கெடுதல் செய்யாது என்று கணக்குப் போட்டேன். அப்போது அது சரியான வழியாகத் தோன்றியது. தபாலில் போட்டபின் படித்துப் பார்க்க வழியில்லை. மனத்தில் படித்துப் பார்த்தேன். மருந்துக் கடைச் சீட்டு போல இருந்தது.

இருவரும் சேர்ந்தே மனுக் கொடுத்து, போன மாதம் தீர்ப்பும் வந்துவிட்டதாகக் கோபி சொன்னான். இனி எழுதுவதில் சட்டப்படி தடை இல்லை. ஆனால் எந்த முறையில் எழுதுவது என்று தெரியவில்லை. அம்மையார் என்று போட்டிருக்கிறேன். மாநகராட்சிக்கு மனு எழுதுவது போல இருக்கிறது. வேறு கிடைக்கவில்லை.

தாங்கள் பதில் எழுதாவிட்டால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மீன்காரி எப்படி இருக்கிறாள்?

ராம்நாத்

*

துரைப்பாக்கம்
21.4.2025

அன்புடையீர்,

அமராவதி எழுதுவது. சுகம். பல்செட் வந்துவிட்டது. பேச்சு சரியாகிவிட்டது. சாப்பிட மட்டும் கழற்றி வைத்துவிடுகிறேன். சளியை எல்லாம் விட்டுவைக்காதீர்கள். உங்கள் அக்காவிடம் நாலு பேரைப் பற்றி ஒரு செய்தி சொல்லுங்கள். நான் இந்த எட்டு மாதமும் தபால்காரரைத் தவிர ஒருவரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. மருந்துச் சீட்டு என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மீன்காரியைக் கேட்டீர்கள். நிறம் வெளிறிவிட்டது. மழைக்கோடு கழுத்து வரை இறங்கிவிட்டது. ஜூன் மாதம் சுவர் முழுவதையும் வெள்ளையடித்துவிட்டு வேறு ஆட்கள் வேறு படம் வரையப் போகிறார்களாம். ஜன்னல்காரிதான் சொன்னாள். "பாட்டிமா, ஒன் ஃப்ரெண்டு போவப்போறா, வந்து பாத்துக்கோ" என்றாள்.

நீங்கள் ஒருதரம் வந்து பாருங்கள். பல்லின் உயரம் வரைக்கும் கேட்டவர், பார்க்காமலே இருக்கக்கூடாது.

எந்த முறையில் வருவது என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். அதற்கும் இப்போதே பதில் எழுதிவிடுகிறேன். விலகினது அவர்கள் இரண்டு பேரும். நம்மை யாரும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கவில்லை. அதுவும் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், என் வீட்டுக்கு வர வேண்டாம். சுவரைப் பார்க்க வாருங்கள். அது தெருவில் இருக்கிறது. தெருவில் இருப்பதைப் பார்க்க யாருக்கும் எந்த முறையும் வேண்டாம்.

பலாப்பழம் இந்த வருஷம் எப்படி?

அமராவதி

*

திருக்கோகர்ணம்
8.6.2025

. . . . . . . . . . . . அவர்களுக்கு,

ராம்நாத் எழுதுவது. சென்னையிலிருந்து பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். தங்கள் உடல்நலத்துக்கும் சாலாவின் நலத்துக்கும் என் பிரார்த்தனை. அக்கா சுகம்.

மேலே இடம் விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் ஐஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நேரில் சரியாகச் சொல்லவில்லை. வடகாட்டுப் பழமே வாங்கி, எழுதியிருந்த பக்குவப்படிதான் செய்தேன். நன்றாகக் கல்லாக உறைந்திருந்தது. தெர்மாகோல் பெட்டியில் உப்புக் கலந்த ஐஸ்கட்டி நிரப்பி, நடுவில் டம்ளர்களை வைத்து, ஓரத்தில் ஒரு தெர்மாமீட்டரும் செருகினேன். திருச்சி வரை பஸ், அங்கிருந்து பகல் ரயில். கணக்குப்படி சென்னை வரை தாங்கியிருக்க வேண்டும். கணக்கில் பிழையில்லை. திரும்பி வந்து சரிபார்த்துவிட்டேன்.

பிழை என்னிடம்தான். உருகியிருக்குமோ என்று பஸ்ஸில் ஒருமுறை திறந்து பார்த்தேன். உருகவில்லை. ரயிலில் ஏறியதும் பார்த்தேன். பிறகு வண்டி நின்ற இடத்தில் எல்லாம் பார்த்தேன். திறக்கத் திறக்கக் குளிர் போகும் என்பது எந்த மாணவனுக்கும் தெரியும். அதற்காக மூடிவைத்தால், உள்ளே என்ன நடக்கிறதோ என்று இருந்தது. எதிர் சீட்டுக்காரர் அறந்தாங்கிக்காரர். "பெரியவரே, அதுல என்ன, மருந்துங்களா?" என்றார். ஐஸ் என்றேன். "மெட்ராஸ்ல ஐஸு கெடைக்காதுன்னு யாரு சொன்னாக?" என்றார். ரயில் பெட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். விழுப்புரத்தில் திறந்தபோது அவரே, "மூடுங்க ஐயா, அதுக்குச் சளி பிடிச்சிரப் போகுது" என்றார். அதற்குள் குச்சிகள் சாய்ந்துவிட்டன.

கோபியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "போயிட்டு வாங்கப்பா" என்றான். பெட்டியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியவில்லை. சாலா கதவைத் திறந்து "வாங்க" என்றாள். முன்பெல்லாம் அதோடு மாமா என்று சேர்ப்பாள். இப்போது சேர்க்கவில்லை. எப்படிச் சேர்ப்பாள்? ஆனால் பெட்டியை அவளே வாங்கிக்கொண்டாள். டம்ளரும் வடிகட்டியும் எடுத்துவந்தாள். கரைந்ததை வடித்து ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்து, "அங்க போயே குடிங்க" என்று நம் இருவரையும் ஆட்டோ ஏற்றிவிட்டதும் அவள்தான்.

சுவரைப் பற்றி நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே காரணம். தங்கள் கடிதங்களிலிருந்து நான் மனத்தில் ஒரு படம் போட்டு வைத்திருந்தேன். அதைவிட நிஜப் படம் பெரியது, வெளிறியது. வலது காது அளவில் சற்றுச் சிறியது என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. பல் ஒரு கதவு உயரம் என்பது சரியே.

தாங்கள் நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்து பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அந்தப் பலாக் கரைசலைக் குடித்தீர்கள். "இது ஐஸே இல்ல, பாயாசம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அப்போது வாயைப் பொத்தவில்லை. இதைக் குறிப்பிடுவது சரியா என்று தெரியவில்லை. குறிப்பிட்டுவிட்டேன்.

இப்போது விட்ட இடம். நான் தூக்கைக் கழுவத் தெருக்குழாய்க்குப் போயிருந்தேன். அங்கிருந்து பார்த்தேன். ஜன்னலில் அந்தப் பெண் வந்தாள். என்னைக் கைகாட்டித் தங்களிடம் ஏதோ கேட்டாள். தாங்கள் ஏதோ சொன்னீர்கள். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு இருவரும் சிரித்தீர்கள். குழாயடியில் வரிசை நின்றதால் எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபின் கேட்கவும் துணிச்சல் வரவில்லை. ரயிலில் வரும்போது முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான் யார் என்று கேட்டிருப்பாள். என்ன சொன்னீர்கள் என்று தெரிவித்தால், மேலே அந்த இடத்தில் அதையே எழுதி இனிமேல் கடிதம் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். தங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் இடத்தை விட்டபடியே எழுதுகிறேன்.

ராம்நாத்

*

துரைப்பாக்கம்
19.6.2025

அமராவதி எழுதுவது. இங்கே சுகம். அக்காவுக்குச் சாலா முழங்கால் உறை ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், பார்சலில் வரும். யார் அனுப்பியது என்று கேட்டால் கடையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நாலு பேரைக் கூப்பிடுவார்கள்.

மீன்காரி போய்விட்டாள். திங்கட்கிழமை வெள்ளையடித்தார்கள். கண், மூக்கு எல்லாம் போன பிறகும் வாய்க்குள் இருந்த ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் பாவாடை காய்கிறது. புதுப் படம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் நினைத்தது சரி.

அன்றைக்கு ஜன்னல்காரி கேட்டது உங்களைப் பற்றித்தான். "யாரு பாட்டிமா அது, தூக்கு கழுவுறாரே?" என்றாள். எங்கள் அண்ணன், புதுக்கோட்டையிலிருந்து எனக்கு ஐஸ் கொண்டுவந்திருக்கிறார் என்றேன்.

அண்ணன் என்றதை நம்பிவிட்டாள். ஐஸைத்தான் நம்பவில்லை.

அமராவதி